ஏழு நிமிட ஓட்டம்: சில குறிப்புகள்

வடசென்னையின் மணலி புதுநகரில் தொலைதூர ஓட்டம் என்றால் ஒலிம்பிக் பேச்சு கிடையாது. போலீஸ் செலக்‌ஷன், அவ்வளவுதான். இரண்டாம் நிலைக் காவலர் உடல்திறன் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. ராணுவக்காரர்கள் இன்னும் கறார். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழுசாக 60 மதிப்பெண் என்பது பல வருடம் இருந்த கணக்கு. 400 மீட்டர் ரவுண்டாகப் பிரித்தால் போலீஸுக்கு ஒரு ரவுண்டு 112 விநாடி, ராணுவத்துக்கு 82 விநாடி சொச்சம்.

முதல் கணக்கை நோய் நொடி இல்லாத இருபது வயதுப் பையன் எவனும் சில மாதம் ஒழுங்காக ஓடினால் எட்டிவிடலாம். இரண்டாவது கணக்கில்தான் ‘அவனுக்குப் பொறப்புலயே தம் இருக்குடா’ என்ற பேச்சு ஆரம்பிக்கிறது. சரியாக ஓடிப் பார்க்காதவன்தான் இதை அதிகம் சொல்கிறான்.

*

செல்போன் வீடியோக்களின் புண்ணியத்தில் ‘ஹிட்’ எங்கள் தெருவரைக்கும் வந்துவிட்டது. அதிதீவிரப் பயிற்சி. உயிரைக் கொடுத்து ஓடு, கொஞ்சம் நில், மறுபடி ஓடு.

“எட்டு நானூறு அடிச்சேண்ணா. ஆறாவதுலயே வாந்தி வந்துருச்சு. விடலையே, எட்டும் முடிச்சிட்டேன்.”

செலக்‌ஷனுக்குப் பழகும் அந்தப் பையனுக்கு வாந்திதான் சான்றிதழ். நடுவில் எவ்வளவு ரெஸ்ட் எடுத்தாய் என்று கேட்டால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறான்.

“ரெஸ்ட்டா? ரெஸ்ட் எடுத்தா எப்படிண்ணா தம் ஏறும்?”

*

அவனுக்குச் சொல்ல வேண்டிய கதை ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்தில் இருக்கிறது. வால்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ஹெர்பர்ட் ரைன்டல் என்ற இதய மருத்துவரும் சேர்ந்து, விட்டு விட்டு ஓடும் பயிற்சிக்கு ஒரு இலக்கணம் எழுதினார்கள். ஓடும்போது நாடித்துடிப்பு 180 வரை போகலாம். நின்ற பிறகு 90 விநாடிக்குள் அது 120 அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லையா, ஓடியது அதிக வேகம் அல்லது அதிக தூரம். குறைத்துக்கொள், இல்லையென்றால் இன்றைக்கு வீட்டுக்குப் போ. இதயம் பலப்படுவது அந்த ஓய்வில்தான் என்பது அவர்கள் கட்சி. பிறகு வந்த விஞ்ஞானிகள் இதில் நிறையத் திருத்தம் சொன்னார்கள். ஆனால் ஸ்டாப்வாட்சை ஓட்டத்துக்கு மட்டும் அல்லாமல் ஓய்வுக்கும் அழுத்த வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939-இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். 16 வருடம் அந்தச் சாதனையை யாரும் தொடவில்லை.

*

டபாட்டா. இப்போது ஜிம்முக்கு ஜிம் இந்தப் பெயர். 20 விநாடி உழைப்பு, 10 விநாடி ஓய்வு, மொத்தம் நாலு நிமிடத்தில் கதை முடிந்தது என்று விற்கிறார்கள்.

மூல ஆய்வு 1996-இல் வந்தது. ஜப்பானிய வேகச் சறுக்கு வீரர்களின் பயிற்சியாளர் இரிசாவா வகுத்த முறையை இசுமி டபாட்டா சைக்கிள் இயந்திரத்தில் சோதித்தார். ஆறு வாரத்தில் ஆக்சிஜன் ஏற்கும் திறன் ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 7 மில்லிலிட்டர் கூடியது. ஆக்சிஜன் இல்லாமல் உழைக்கும் திறன் 28 சதவீதம் கூடியது. பிரமாதமான பலன், மறுக்க முடியாது. ஆனால் செய்தவர்கள் ஏற்கெனவே விளையாட்டுப் பழக்கம் உள்ள கல்லூரி மாணவர்கள், ஒரு சிலர்தான். தீவிரமோ உச்சபட்ச ஆக்சிஜன் அளவுக்குத் தேவைப்படும் விசையைப்போல 1.7 மடங்கு. எட்டாவது சுற்றை முடிக்க முடியாமல் தடுமாற வேண்டும், அப்படித்தான் அது வகுக்கப்பட்டது. போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு குதிப்பதற்குப் பெயர் டபாட்டா அல்ல.

*

1500 மீட்டருக்குச் செலவாகும் சக்தியில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் வழியாக வருகிறது. 800 மீட்டருக்கே மூன்றில் இரண்டு பங்கு. ஏழு நிமிடம் ஓடுகிறவனுக்கு இந்தப் பங்கு இன்னும் அதிகம். ஆக, செலக்‌ஷனில் சோதிப்பது பெரும்பாலும் பொறுமையாகக் கட்டிய மூச்சு. பையன்கள் பழகுவதோ நூறு மீட்டர் வெறி.

மெதுவாக ஓட வைப்பதுதான் இங்கே பெரும்பாடு. பேசிக்கொண்டே ஓடு, பேச்சு திக்கினால் வேகத்தைக் குறை என்றேன். “மெதுவா ஓடுனா பாக்கறவங்க சிரிப்பாங்கண்ணா.” நார்வேயில் பல வருடம் ஆய்வு செய்த ஸ்டீபன் சைலர், உலகத் தரப் படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள், ஓட்டக்காரர்கள் ஆகியோரின் பயிற்சிக் குறிப்பேடுகளைப் புரட்டிச் சொன்னது இது: பயிற்சி நாட்களில் ஏறத்தாழ 80 சதவீதம் இந்தச் சிரிப்புக்கு இடமான வேகம்தான். மீதி 20 சதவீதம் கடுமை. கடுமை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஏழேகால் நிமிடத்தில் நிற்கிறவனை ஆறு வார இன்டர்வல் ஏழுக்குள் தள்ளிவிடும், பார்த்திருக்கிறேன். அடித்தளம் இல்லாதவன் அதற்குப் பிறகு ஒரு விநாடிகூட நகர மாட்டான். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

*

எமில் ஜாட்டோபெக்கைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் அவர் ஆலைத் தொழிலாளி.

செக் நாட்டின் ஸ்லின் நகரத்தில் பாட்டா செருப்பு ஆலை. 1941-இல் அங்கே வேலை பார்த்த 18 வயதுப் பையன். ஒருநாள் ஆலையின் விளையாட்டுப் பொறுப்பாளர் நாலு பேரைக் கைகாட்டி, ஓட்டப்பந்தயத்தில் நீங்கள் ஓடியாக வேண்டும் என்றார். இவர் எனக்குத் தெம்பில்லை என்று சொல்லிப் பார்த்தார். மருத்துவரைக் கூட்டிவந்து, ஒன்றுமில்லை, ஓடு என்றார்கள். நூறு பேர் ஓடியதில் இரண்டாவதாக வந்தார். பிறகு ராணுவத்தில் பூட்ஸ் காலோடு ஓடினார். 400 மீட்டரை மறுபடி மறுபடி ஓடுவதுதான் அவர் பயிற்சி. முதலில் இருபது, பிறகு நாற்பது, உச்சத்தில் ஒரே நாளில் நூறுகூட. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000 மீட்டர், 10000 மீட்டர், மராத்தான் மூன்றிலும் தங்கம். மராத்தான் அவர் வாழ்க்கையிலேயே அப்போதுதான் முதல் தடவை. ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்றையும் வேறு எவரும் வென்றதில்லை.

நூறு நானூறு என்றால் 40 கிலோமீட்டர். இது வாந்தி வேகத்தில் நடக்கிற காரியம் இல்லை. அவரைத் தீவிரப் பயிற்சியின் தந்தை என்று கொண்டாடுகிறவர்கள் அந்த அளவை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. அந்தப் பொறுப்பாளர் வேறு நாலு பேரைக் கைகாட்டியிருந்தால்?

*

பிறவித் திறன் இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது. அதை அளந்தும் இருக்கிறார்கள்.

க்ளோட் புஷார் என்ற கனடா விஞ்ஞானி தலைமையில் நடந்த ‘ஹெரிடேஜ்’ ஆய்வின் முடிவு 1999-இல் வெளியானது. உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத 98 குடும்பங்கள், 481 பேர். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோருக்கும் 20 வாரம் ஒரே மாதிரி சைக்கிள் பயிற்சி. சராசரியாக ஆக்சிஜன் ஏற்கும் திறன் நிமிடத்துக்கு 400 மில்லிலிட்டர் கூடியது. அந்தச் சராசரிக்குப் பின்னால் இருந்ததுதான் செய்தி. சிலருக்கு ஒரு லிட்டர் கூடியது, சிலருக்கு அசையவே இல்லை. ஒரு குடும்பத்துக்குள் இருந்த வேறுபாட்டைவிடக் குடும்பத்துக்குக் குடும்பம் இருந்த வேறுபாடு பெரிது. பயிற்சியை ஏற்றுக்கொள்ளும் குணத்தில் சுமார் 47 சதவீதம் பரம்பரையைச் சேர்ந்தது என்று கணக்கிட்டார்கள். அதாவது, கடுமையாக உழைத்தால் பலன் வரும் என்பதிலேயே கொஞ்சம் பிறப்பு இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு மனம் தளர்கிறவர்கள் 2017-இல் வந்த இன்னொரு ஆய்வையும் பார்க்க வேண்டும். மொன்டேரோவும் லண்ட்பியும் 78 பேரை வாரத்துக்கு ஒன்று முதல் ஐந்து நாள் வரை வெவ்வேறு அளவில் பழக்கினார்கள். பலனே இல்லாதவர்கள் குறைந்த நாள் பழகிய குழுக்களில்தான் அதிகம் இருந்தார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் கூட்டி இன்னொரு ஆறு வாரம் பழக்கியதும் பலன் இல்லாதவர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. ஒரே சோறு எல்லா வயிற்றையும் நிரப்பாது, கொஞ்சம் கூடப் போட வேண்டியிருக்கிறது.

உச்சியில் யார் நிற்பது என்பதில் பிறப்பு பேசும். ஏழு நிமிடத்தில் அதற்கு வேலையே இல்லை.

*

கென்யா பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஸ்வீடனின் பெங்ட் சால்டின் 1990-களில் கென்ய ஓட்டக்காரர்களையும் ஸ்காண்டிநேவிய ஓட்டக்காரர்களையும் ஒப்பிட்டார். ஆக்சிஜன் ஏற்கும் திறனில் பெரிய வித்தியாசம் இல்லை. அதே வேகத்துக்குக் கென்யர்கள் குறைவாகச் செலவழித்தார்கள். மெல்லிய கெண்டைக்கால் அதற்கு ஒரு காரணம். நம் ஊரில் ‘குச்சிக் கால்’ என்று கேலி பேசுவார்களே, அதே கால்.

*

தமிழ்நாட்டில் தொலைதூர ஓட்டம் என்றால் புதுக்கோட்டை. 2016 குவாஹாட்டி தெற்காசிய விளையாட்டில் 5000, 10000 இரண்டிலும் தங்கம் வென்ற எல். சூர்யா அந்த ஊர். 2017-இல் புவனேஸ்வர் ஆசியப் போட்டியில் அதே இரண்டிலும் தங்கம் வென்ற ஜி. லட்சுமணனும் அந்த ஊர். மறுவருடம் ஜகார்த்தாவில் 10000 மீட்டரில் மூன்றாவதாக வந்து, தடத்தின் உள்கோட்டுக்கு அப்பால் கால் வைத்தார் என்று வெண்கலத்தை இழந்தாரே, அவர்தான்.

இவர்களுக்கு முன்னால் கத்தக்குறிச்சி சாந்தி. செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள். ஊருக்கு வெளியே மண் பாதையில் ஓடச் சொல்லிக் கொடுத்தவர் தாத்தா, முதல் ஷூ வாங்கிக் கொடுத்ததும் அவரே. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. அடுத்து பாலினச் சோதனை, பதக்கம் பறிப்பு. ஊக்கமருந்து எதுவும் இல்லை, ஏமாற்று எதுவும் இல்லை. பிறவித் திறன் என்று ஊர் கொண்டாடிய அதே உடம்பை ஆய்வகத்தில் வைத்து, இது கணக்கில் வராது என்றார்கள். மாநில அரசு கொடுத்த பரிசுப் பணத்தை வைத்து அவர் புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். பிறவித் திறன் பற்றிப் பேசுகிற எவரும் சாந்தியைத் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

புதுக்கோட்டையில் பிறந்தால் நுரையீரல் பெரிதாக இருக்குமா? இருக்காது. மண் பாதை இருந்தது, பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் இருந்தார், முன்னால் ஓடிக் காட்டிய ஒருவர் இருந்தார்.

*

வடசென்னைக்கு என்று விளையாட்டுகள் இருக்கின்றன. பாக்ஸிங், வியாசர்பாடி கால்பந்து, கேரம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயமும் சென்னைக்காரர்தான்.

கேரமுக்கு ஒரு போர்டு. பாக்ஸிங்குக்கு ஒரு கொட்டகை, ஒரு மாஸ்டர். ஓட்டத்துக்கு ஒன்றுமே வேண்டாம், காலும் ரோடும் போதும், ஏழையின் விளையாட்டு என்பார்கள். எனக்கு இதில் சம்மதம் இல்லை. மூச்சு விடும்படியான காற்று வேண்டும். லாரி வராத தரை வேண்டும். தினம் எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு எந்தப் பயிற்சி அட்டவணையும் பொருந்தாது. எங்கள் பக்கத்தில் ஓட்டம்தான் இருப்பதிலேயே விலை அதிகமான விளையாட்டு.

*

காற்றைப் பற்றி.

சும்மா உட்கார்ந்திருக்கிறவன் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று இழுக்கிறான். கடும் ஓட்டத்தில் அது 100 லிட்டரைத் தாண்டும். அரை மணி நேர வெறி ஓட்டம் என்பது ஏழு மணி நேரம் உட்கார்ந்து இழுக்கும் காற்று. அதுவும் மூக்கின் வடிகட்டலைத் தாண்டி வாய் வழியாக நேரே உள்ளே.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியல் போட்டபோது மணலி அதில் இருந்தது. சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, பெட்ரோகெமிக்கல், வடக்கே அனல் மின்நிலையம், நடுவில் ராத்திரி பகலாகத் துறைமுகக் கண்டெய்னர் லாரிகள். 2023 டிசம்பர் மழையில் எண்ணெய் கொசஸ்தலையாற்றில் பரவி எண்ணூர் முகத்துவாரம் வரை போனது. அதே மாதக் கடைசியில் எண்ணூரில் ராத்திரி அம்மோனியா கசிந்து சனங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடினார்கள். அந்த ஓட்டத்தை யாரும் டைமிங் எடுக்கவில்லை.

எப்போது ஓடுவது என்பதே ஒரு சிக்கல். கோடையில் விடியலுக்கு முன்பு ஓடினால்தான் வெயிலைத் தப்பலாம். புழுக்கத்தில் வேர்வை காயாது, உடம்பு குளிராது, நேற்று 90 விநாடியில் ஓடிய ரவுண்டுக்கு இன்று நாடித்துடிப்பு எகிறும். ஆனால் மார்கழி, தை மாதங்களில் அதே விடியல்தான் மோசமான நேரம். குளிர்ந்த காற்று தரையோடு படிந்து புகையை மேலே போக விடாது. போகியன்று சொல்லவே வேண்டாம். பகலில் கடல்காற்று எழும்பினால் கொஞ்சம் கலைக்கும், அந்த நேரத்தில் யாருக்கு ஓட நேரம் இருக்கிறது? பையன்களுக்கு நான் சொல்வது: மத்திய வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் மணலிக் கணக்கைப் பார். மோசம் என்றால் கடும் பயிற்சியை நாளைக்குத் தள்ளு. இன்றைக்கு நடை, இல்லாவிட்டால் வீட்டுக்குள் தண்டால். கடும் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள் போதும் என்பதில் இந்த வசதி இருக்கிறது, நாளைத் தேர்ந்தெடுக்கலாம்.

*

பள்ளி விளையாட்டு விழாவில் நூறு மீட்டரில் முந்துகிறவனுக்குக் கோப்பை. தொலைதூரக்காரன் அப்போது கூட்டத்தில் நாலாவதாக நின்றுகொண்டிருப்பான். அவினாஷ் சாப்ளே பீட் மாவட்டத்து விவசாயி மகன். பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர் நடையும் ஓட்டமுமாகப் போனவர். பன்னிரண்டாவது முடித்து ராணுவத்தில் சேர்ந்து, சியாச்சினில் இருந்துவிட்டு, 2015 வாக்கில்தான் குறுக்குநாட்டு ஓட்டத்துக்கே வந்தார். 2018-இல் 3000 மீட்டர் தடை ஓட்டத்தில் 37 வருடப் பழைய இந்தியச் சாதனை போயிற்று. 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் 8 நிமிடம் 11.20 விநாடி, வெள்ளி. தங்கத்துக்கு 0.05 விநாடிதான் குறை. 1998 முதல் அதுவரை அந்தப் பந்தயத்தின் மூன்று பதக்கமும் கென்யாவைத் தவிர வேறெங்கும் போனதில்லை. ராணுவம் எடுத்துக்கொள்ளாமல் விட்டிருந்தால் அவர் உடம்பில் இருந்த திறன் அவருக்கே தெரிந்திருக்காது.

பி.டி. மாஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வருடத்துக்கு ஒருமுறை எல்லாப் பிள்ளைகளையும், பெண் பிள்ளைகளையும் சேர்த்து, பன்னிரண்டு நிமிடம் ஓட விட்டுப் பாருங்கள்.

*

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மராத்தானில் 11-ஆவதாக வந்த சிவ்நாத் சிங், 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். அந்த இந்தியச் சாதனை நாற்பது வருடத்துக்கு மேல் நின்றது. பீகார் கிராமத்துக்காரர், வெறுங்காலோடு ஓடிப் பழகியவர். ராணுவத்துக்குப் பிறகு அவருக்குச் சம்பளம் கொடுத்தது ஜாம்ஷெட்பூரின் டாடா ஸ்டீல். ஸ்லினில் செருப்பு ஆலை, ஜாம்ஷெட்பூரில் இரும்பு ஆலை. ஆலை இருக்கிற ஊரில் ஓட்டக்காரன் உருவாக மாட்டான் என்று விதி ஏதும் இல்லை.

2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் மூன்று வருட லாபச் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதில் எதெல்லாம் சேரும் என்ற அட்டவணையில் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் இருக்கிறது. மணலியைச் சுற்றியுள்ள ஆலைகளிடம் செயற்கை ஓடுதளம் கேட்கவில்லை. லாரிச் சாலையிலிருந்து தள்ளி, மழைத் தண்ணீர் தேங்காத மேட்டில், 400 மீட்டர் மண் தடம் ஒன்று. சுற்றிலும் நாலு வரிசை மரம், ஒரு தண்ணீர்க் குழாய், அன்றைய காற்றுக் கணக்கைக் காட்டும் பலகை. கோடு போடச் சுண்ணாம்பு நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.